இருபத்தெட்டுக்குப் பதில் பதிமூன்று

— 'உரிய'ன்னா என்ன மேடம்?

— ம்?

— இங்க பாருங்க, மெமோல ரெண்டாவது வரி. 'உரிய நேரத்தில் செய்தி திரையில் காட்டப்பட்டும், பணியிலிருந்த ஊழியர் நடவடிக்கை எடுக்கத் தவறியுள்ளார்.' உரிய நேரம்னா எந்த நேரம்?

— சரியான நேரம், அண்ணா.

— அப்ப சரியான நேரம்னே போட்டிருக்கலாமே.

— ...போட்டிருக்கலாம்.

— ஆனா வரியப் பாருங்க, என்னமா நிக்குது. ஒரு எழுத்துப் பிழை இல்ல. படிக்கப் படிக்க எனக்கே கோவம் வருது, எவன்டா இந்த ஊழியர்னு.

— அண்ணா, நான் உங்களப் பாக்கத்தான்...

— இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. அந்த ஓரம் ஆடும். இருபத்திரண்டு வருஷமா இந்த பெஞ்சு ஆடுது, நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். மணி என்ன?

— மூணு பத்து.

— நாலு மணிக்கு டைரக்டரம்மா உள்ள கூப்பிடுவாங்களாம். அம்பது நிமிஷத்துல ஒரு பக்கம் விளக்கம் எழுத முடியாதா? நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க.

— நானா?

— என் கையெழுத்தப் பாத்தா டைரக்டரம்மா அதுக்குத் தனியா ஒரு மெமோ குடுப்பாங்க. நீங்க நல்லா எழுதுவீங்க. குளிரறைக் கம்ப்யூட்டர் மெஷின் மேல காகிதத்துல எழுதி ஒட்டினீங்களே... 'இடம் இல்லை என்று வந்தால் பழைய ஃபைல்களை அழிக்கவும். ஒன்று, இரண்டு, மூன்று.' எனக்கே புரிஞ்சுது.

— அண்ணா, ஒண்ணு சொல்லணும்.

— சொல்லலாம், எங்க போகப் போறேன். மொதல்ல இத முடிப்போம். எழுதுங்க. மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, குளிரறை ஆபரேட்டர் எழுதுவது. கடந்த ஞாயிறு காலை பணியில் இருந்தவன் நான்தான்.

— ...நான்தான்.

— 'தான்' வேணாமோ. சினிமா வசனம் மாதிரி இருக்கு.

— நான்னு போட்டுட்டேன்.

— பதினொண்ணு பத்துக்குத் திரையில சிவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. உள்ள 'பிழை: அனுமதி இல்லை'ன்னு இருந்துச்சு.

— வேற ஒண்ணுமே இல்லையா? எந்த ஃபைல், என்ன செய்யும்போது... எதுவும்?

— புரோகிராம் எழுதினது நீங்க. என்னையக் கேக்குறீங்க. அவ்வளவுதான் இருந்துச்சு. பிழை. ரெண்டு புள்ளி. அனுமதி இல்லை.

— ம்.

— எனக்கு அனுமதி இல்லாத காரியத்துல நான் கை வெக்கல. அப்படின்னு எழுதுங்க. குளிரறைக் கதவுலயும் அதே பலகைதானே தொங்குது. அனுமதி இல்லை. அதப் பாத்துட்டு யாராவது உள்ள போவாங்களா?

— யாருக்காவது போன் பண்ணியிருக்கலாமே, அண்ணா.

— யாருக்கு? டைரக்டரம்மாவுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பண்ணினேன், போன வருஷம். அன்னைக்கு வாங்கினது இன்னும் காதுல இருக்கு. உங்களுக்குப் பண்ணலாம்னா... நீங்க எங்க போன் எடுக்குறீங்க. கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினா நிமிஷத்துல பதில் வரும், போன் பண்ணினா வராது.

— பேச வராது எனக்கு.

— இப்ப பேசுறீங்களே.

— எழுதணும், அண்ணா. அடுத்தது சொல்லுங்க.

— ஒவ்வொரு மணிக்கும் திரையில இருந்த வெப்பநிலைய நோட்டுல எழுதினேன். மைனஸ் இருபது. பன்னண்டுக்கு மைனஸ் இருபது. ஒண்ணுக்கு மைனஸ் இருபது. ரெண்டுக்கும் அதேதான். என்னடா இப்படி அசையாம நிக்குதேன்னு தோணல எனக்கு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

— திரையில கடைசியா வந்த எண் அப்படியே நின்னு போச்சு. அதுக்கு மேல புரோகிராம் எதையும் எழுதல.

— அதான் இப்பத் தெரியுதே. உள்ள கம்ப்ரசர் பன்னண்டரைக்கே நின்னிருக்கு. அபாய மணியாவது அடிச்சிருக்கணும். அதுவும் அடிக்கல.

— மணி அடிக்கிற புரோகிராம் அந்த வெப்பநிலை ஃபைலத்தான் படிக்கும். அதுல கடைசி வரி மைனஸ் இருபதுன்னா, எல்லாம் நல்லா இருக்குன்னு அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

— அதுவும் என்னைய மாதிரிதான்னு சொல்லுங்க. சாயந்திரம் அடுத்த ஆள் வந்து கதவத் தொறந்தாரு. தண்ணி வெளிய ஓடி வந்துச்சு. இதையும் எழுதணுமா?

— எழுதலாம்.

— திங்கக்கிழமை இலைக்காரம்மா வந்தாங்க, இலைய வெச்சு ஆராய்ச்சி பண்றவங்க. நாலு வருஷமா மலைமலையா ஏறி இறங்கிப் பறிச்சு, ஒவ்வொரு இலையா உறைய வெச்சிருந்தாங்க அந்த அம்மா. பெட்டியத் தொறந்தாங்க. மூடினாங்க. சீட்டுல எழுதியிருந்த மையெல்லாம் கரைஞ்சு போச்சு, எது எந்த இலைன்னே தெரியல. திட்டுவாங்கன்னு நின்னேன். ஒரு துணி கேட்டாங்க.

— துணியா?

— குடுத்தேன். குனிஞ்சு தரையத் துடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் துடைக்கிறேம்மான்னேன். பரவால்லன்னாங்க. அவங்க துடைச்சுக்கிட்டு இருக்காங்க, நான் மரம் மாதிரி நிக்கிறேன். திட்டியிருக்கலாம் மேடம். சத்தியமாத் திட்டியிருக்கலாம்.

— நானும் பாத்தேன். ஜன்னல் வழியா.

— நீங்க உள்ள வரலையே.

— வரல.

— ...சரி. கடைசி வரி எழுதுங்க. நடந்ததுக்கு என் கவனக்குறைவே காரணம். மன்னித்து, வேலையில் நீடிக்க அனுமதிக்க வேண்டும்.

— ...

— என்ன, பேனா எழுதலையா?

— இத எழுத மாட்டேன்.

— ஏன், வார்த்தை சரியில்லையா? உரியன்னு ஏதாவது சேக்கணுமா?

— உங்க கவனக்குறைவு காரணம் இல்ல, அண்ணா. அந்த மெசேஜ் பொய்.

— பொய்யா? நான் கண்ணால பாத்தேன்.

— நீங்க பாத்தது நிஜம். அது சொன்னதுதான் பொய். அன்னைக்கு அனுமதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டிஸ்க் நெறஞ்சு போச்சு. 'இடம் இல்லை'ன்னு வந்திருக்கணும். புரியுதா, அண்ணா?

— கொஞ்சம் இருங்க. இடம் இல்லைன்னா நீங்க ஒட்டின காகிதம் இருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குத் தெரியும் அது. ரெண்டு தடவ செஞ்சிருக்கேன்.

— அதான் சொல்றேன். சரியா வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பீங்க. திரையில எண் ஏற ஆரம்பிச்சிருக்கும், மணி அடிச்சிருக்கும்.

— மெஷின் எதுக்கு மேடம் பொய் சொல்லுது?

— மெஷின் சொல்லல. நான் எழுதினது சொல்லுச்சு.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கண்ண மட்டும் துடைச்சுக்கிட்டு.

— என் புரோகிராம் தானா டிஸ்க்குல எழுத முடியாது. சிஸ்டத்தக் கேக்கணும், இத எழுதிக் குடுன்னு. முடிஞ்சா சரின்னு சொல்லும். முடியலன்னா மைனஸ் ஒண்ணுன்னு மட்டும் சொல்லும். ஏன் முடியலங்கிறத ஒரு எண்ணா வேற ஒரு இடத்துல வெச்சிட்டுப் போயிடும். இருபத்தெட்டுன்னா இடம் இல்லை. பதிமூணுன்னா அனுமதி இல்லை.

— நோட்டீஸ் போர்டுல எழுதிட்டுப் போற மாதிரி.

— அதேதான். ஆனா ஒரே ஒரு போர்டு. அடுத்தவங்க வந்தா அத அழிச்சிட்டு அவங்க எண்ண எழுதிடுவாங்க. ஞாயித்துக்கிழமை அது இருபத்தெட்டுன்னு சரியாத்தான் எழுதி வெச்சுது. நான் அதப் படிக்கிறதுக்கு முன்னாடி வேற ஒரு வேலை வெச்சேன். தப்பு நடந்த நேரத்த ஒரு டைரி ஃபைல்ல குறிச்சு வெக்கிற வேலை. அந்த ஃபோல்டர் பூட்டியிருந்துச்சு. அதத் தொறக்க அனுமதி இல்ல. போர்டுல பதிமூணு விழுந்துடுச்சு.

— இருபத்தெட்டு போச்சு.

— போச்சு. அதுக்கப்புறம்தான் என் புரோகிராம் போர்டப் பாத்துச்சு. பதிமூணுன்னு இருந்துச்சு. அனுமதி இல்லைன்னு சொல்லிடுச்சு.

— இத எப்படிச் சரி பண்ணணும்?

— முடியலன்னு தெரிஞ்ச உடனே அந்த எண்ண எடுத்துத் தனியா வெச்சுக்கணும். அப்புறம் டைரி, மண்ணாங்கட்டி எல்லாம்.

— எவ்வளவு வேலை அது?

— ஒரு வரி.

— ஒரு வரியா?

— ஒரு வரி, அண்ணா. முதல் வருஷப் பாடம். பரீட்சைல வந்துச்சு, ரெண்டு மார்க் கேள்வி. ரெண்டுக்கு ரெண்டு வாங்கினேன்.

— ...அந்த ரெண்டு மார்க்க இப்பத் திருப்பிக் கேக்கச் சொல்லலாமா உங்க காலேஜ்ல?

— சிரிக்காதீங்க, அண்ணா.

— சிரிக்கலன்னா அழணும். நாலு பேர் நடக்கிற வராந்தா இது.

— அது மட்டும் இல்ல. எண் சரியாவே இருந்தாலும் அந்த மெசேஜ் உதவாது. நல்ல மெசேஜ்னா மூணு சொல்லணும். என்ன செய்யப் போனோம். எதுல. ஏன் முடியல. 'வெப்பநிலை ஃபைலில் எழுத முடியவில்லை: டிஸ்க்கில் இடம் இல்லை.' நான் முதல் ரெண்டையும் விட்டுட்டேன். மூணாவதத் தப்பாச் சொன்னேன். அவசரம்னு கூடச் சொல்ல முடியாது. யார் படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

— நான் படிச்சேன்.

— ஆமா.

— என் போனப் பாருங்க. பின்னாடி ரப்பர் போட்டுக் கட்டியிருக்கேன், இந்த லட்சணத்துல இருக்கு. அதுகூடத் தெளிவா சொல்லுது. 'இடம் இல்லை. வீடியோக்களை நீக்கவும்.' வாரத்துக்கு ரெண்டு தடவ மூக்குக்கு நேரா வந்து நிக்கும்.

— எதுக்கு அண்ணா அவ்வளவு வீடியோ?

— ...அது கெடக்கட்டும். இப்ப இந்தக் கடிதத்த என்ன பண்றது?

— கிழிச்சிடலாம். நான் எழுதி வெச்சிருக்கேன் ஒண்ணு, என் பேர்ல. காலைலயே எழுதிட்டேன். படிச்சுப் பாருங்க.

— பைக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? இவ்வளவு நேரம் நான் சொல்லச் சொல்ல எழுதினீங்களே.

— ஆரம்பிக்க வரல.

— குடுங்க. 'ஞாயிறு காலை பதினொன்று பத்துக்கு, வெப்பநிலை ஃபைலில் எழுதும் முயற்சி தோல்வியடைந்தது. டிஸ்க்கில் இடமில்லாததே காரணம். என் புரோகிராமில் இருந்த பிழையால்...' ம். ம். 'ஆபரேட்டர் மீது எந்தத் தவறும் இல்லை.' இப்படிப் போட்டா உங்க வேலை போயிடாதா?

— தெரியல.

— வந்து எட்டு மாசம் ஆகல உங்களுக்கு. தகுதிகாண் காலம்னு ஒண்ணு இருக்குல்ல. அதுலயே கழட்டி விட்டுடுவாங்க.

— விடட்டும். திங்கக்கிழமை உள்ள வந்து நானும் ஒரு துணி எடுத்திருக்கணும். அதக்கூடச் செய்யல. என்ன அண்ணா, காகிதத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. உங்க மேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்கேன். நிம்மதியா இருக்க வேணாமா?

— அந்த வரிய எடுத்துடுங்க.

— எந்த வரி?

— கடைசி வரி. ஆபரேட்டர் மீது எந்தத் தவறும் இல்லைன்னு இருக்கே, அது.

— ஏன்?

— நீங்க சொன்ன மூணையும் வெச்சுப் பாக்குறேன். என்ன செய்யப் போச்சு... எழுதியிருக்கீங்க. எதுல... அதுவும் இருக்கு. ஏன் முடியல?

— இடம் இல்ல. எழுதியிருக்கேனே.

— இடம் ஏன் இல்ல? நாலு நாளா அந்த மெஷின உக்காந்து நோண்டுறீங்க. அத மட்டும் நீங்க கேக்கவே இல்லையே, மேடம்.

— பழைய ஃபைல் சேந்திருக்கும்...

— பழைய ஃபைல் இல்ல. நான் சொல்றேன். இந்தப் பக்கம் பாக்காதீங்க, அந்தச் சுவத்தப் பாருங்க. நீங்க பாத்தா சொல்ல வராது.

— சுவத்தப் பாக்குறேன்.

— நான் பாடுவேன்.

— ...

— சிரிக்கிறீங்களா?

— இல்ல.

— வீட்ல வாயத் தொறந்தா என் பொண்ணு கதவச் சாத்துவா. இங்க குளிரறைக்கு முன்னாடி ஒரு காலி அறை இருக்குல்ல, சுத்தித் தகரம் அடிச்சது. அங்க பாடினா குரல் போயிட்டுத் திரும்பி வரும். வேற யாரோ நல்லாப் பாடுற மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமைல ஆள் இருக்காது. என் போனச் சுவத்துல சாய்ச்சு வெச்சு வீடியோ எடுப்பேன். போன் நெறஞ்சா மெஷின்ல போட்டு வெச்சிட்டு, போன்ல அழிச்சிடுவேன். அழிக்க மனசு வராது, அதான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நூறு இருக்கும்.

— நூத்திப் பன்னண்டு.

— எண்ணிட்டீங்களா.

— திங்கக்கிழமையே.

— அப்பத் தெரிஞ்சேதான் இத எழுதினீங்களா? தவறும் இல்லைன்னு?

— பாட்டுனால டிஸ்க் நெறஞ்சுது. சரி. ஆனா இடம் இல்லைன்னு சரியா வந்திருந்தா நீங்க உடனே அழிச்சிருப்பீங்க. அதனால...

— இல்ல, நீங்க முழுசாக் கேக்கல. நான் கடிதத்துல சொன்னேனே, அனுமதி இல்லாத காரியத்துல கை வெக்கலைன்னு. அது நான் ஜோடிச்சது. அந்தச் சிவப்புப் பெட்டி வந்தப்ப நான் அப்படி நெனக்கவே இல்ல.

— பின்ன?

— எதுக்கு அனுமதி இல்லைன்னு போடல. எதுலன்னும் போடல. என்னையத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். யாரோ கண்டுபிடிச்சிட்டாங்க, ஆபீஸ் மெஷின்ல பாட்டப் போட உனக்கு அனுமதி இல்லைன்னு சொல்றாங்கன்னு. அப்பத்தான் புதுசா ஒண்ணு போட்டுட்டு உக்காந்திருக்கேன். போட்ட கை இன்னும் மவுஸ் மேலயே இருக்கு. பெட்டி வருது.

— ஐயோ.

— இதப் போன் பண்ணி யார்கிட்டச் சொல்ல? மறைக்கப் பாத்தேன், அந்தப் பெட்டி போக மாட்டேங்குது. ஒரு அட்டைய எடுத்து அது மேல சாய்ச்சு வெச்சிட்டேன். ஓரத்துல மைனஸ் இருபது மட்டும் தெரியும். அத எழுதிட்டு, திரைக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தேன். அன்னைக்குப் பூரா பாடல. அந்த அம்மா துணி கேட்டப்பகூட என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? பாட்டக் கேட்டிருப்பாங்களோன்னுதான். இலையப் பத்தி அப்புறந்தான் நெனச்சேன். போதுமா. இத எழுதுங்க.

— எல்லாத்தையுமா?

— மூணாவது இல்லாம எப்படி? நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு பேருமே கையெழுத்துப் போடுவோம்.

— ...'டிஸ்க்கில் ஆபரேட்டரின் பாட்டு வீடியோக்கள் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.'

— பாட்டுன்னு போடணுமா? சொந்த வீடியோன்னு போட்டா?

— சொந்த வீடியோன்னா வேற மாதிரி நெனச்சுக்குவாங்க, அண்ணா.

— ஐயையோ. பாட்டுன்னே போடுங்க.

— போட்டாச்சு. கீழ ரெண்டு பேருக்கும் இடம் விட்டிருக்கேன்.

— ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமையே பாத்தீங்க. டைரக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம். மெமோல பாட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. ஏன் சொல்லல?

— சொல்லணும்னுதான் இருந்தேன். பாத்த உடனே அப்பாடான்னு இருந்துச்சு. என் புரோகிராம் மேல தப்பில்ல, ஆள் கெடைச்சிட்டாருன்னு. ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன். பதிமூணு எப்படி வந்துச்சுன்னு தேடக்கூட இல்ல. நேத்துதான் பாத்தேன்.

— அப்ப ஏன் சொல்லல?

— ஒரு பாட்டப் போட்டுக் கேட்டேன். நடுவுல உங்களுக்கு இருமல் வந்துடுச்சு. 'மன்னிக்கணும்'னு சொல்லிட்டு மறுபடி முதல்ல இருந்து பாடியிருக்கீங்க. அந்த அறைல யாருமே இல்ல, அண்ணா. அதுக்கு மேல அதப் போய் ஒருத்தர்கிட்டச் சொல்ல முடியல.

— ...அது மூணாவது பாட்டு. அத அழிச்சிட்டேன்னு நெனச்சேன்.

— இருக்கு.

— பேனாவக் குடுங்க. இங்கதானே? போட்டாச்சு. கோணிக்கிச்சு, பரவால்ல. நீங்க போடுங்க.

— ம்.

— கதவு தொறக்குது பாருங்க. நம்மளத்தான் கூப்பிடுறாங்க. நாலுகூட ஆகல... வாங்க. என்ன, எந்திரிக்கலையா?

— அண்ணா...

— பயப்படாதீங்க, ரெண்டு பேரும்தானே போறோம். மெமோல அந்த ரெண்டாவது வரிய எழுதின ஆளும் உள்ள இருப்பாரு போல. வாயத் தொறந்தா அப்படியே அச்சடிச்ச மாதிரி பேசுவாரு. அவரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாம கடிதத்த நீட்டிடணும்.

— அவர் உள்ள இல்ல, அண்ணா. பாட்டப் பத்திச் சொல்ல முடியலன்னு, டைரக்டரம்மா கேட்ட ரிப்போர்ட்டுல அதுக்குப் பதிலா ஒரு வரி எழுதிக் குடுத்தேன். அதத்தான் அப்படியே மெமோல எடுத்துப் போட்டாங்க. அந்த 'உரிய' என்னோடது.